பழைய வீட்டின் ஜன்னல்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காவேரிக் கரையூர்களில் பழைய வீடுகளில் வசிப்பவர்கள் அனைவருக்கும் ஒரே முறையீடுதான். ஜன்னல் சாத்தவில்லை, பலவந்தமாகச் சாத்திவிட்டால் பிறகு திறக்கவில்லை. இத்தொல்லைக்குப் பரிகாரம் என்று சொல்லி, பழைய மர ஜன்னல்களை நிலையோடு பெயர்த்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் அலுமினியத்தினாலோ பிளாஸ்டிக்கினாலோ ஆன நகரும் ஜன்னல்களை வைப்பது நமது ஊர்களில் வழக்கமாகிவிட்டது. தெருவுக்குத் தெரு, வீட்டு வாசலில் பழைய தேக்குச் சட்டங்கள் விறகைப்போல் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். மாலைக்குள் வண்டி ஒன்று வந்து அவற்றை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. இதைப்பற்றி நாம் எழுத முற்படுவது, பிறர் குற்றத்தை எடுத்துக்காட்டும் தகுதி நமக்கு உண்டு என்ற எண்ணத்தினால் அல்ல. அதே குற்றத்தை நாமும் செய்தோம். செய்த பிறகே, அது குற்றம் என்பதைக் கற்றுக்கொண்டோம்.

கும்பகோணத்தில் நமது கொள்ளுப்பாட்டனார் 1926-ஆம் வருஷத்தில் கட்டிய வீட்டில் 14 ஜன்னல்கள் இருந்தன. எல்லாம் பர்மாத் தேக்கு. ஒவ்வொன்றிலும் மேலே இரண்டு, கீழே இரண்டாக நான்கு சிறு கதவுகள். நடுவே உருட்டுக் கம்பிகள். கீழ்க் கதவுகளைச் சாத்தி மேல்க் கதவுகளைத் திறந்து வைத்தால், தெருவில் போகிறவர்கள் கண்ணுக்கு உள்ளே இருப்பது தெரியாது. அறையின் உச்சியில் தேங்கும் வெப்பம் மட்டும் வெளியேறிவிடும். மாலையில் நான்கையும் திறந்துவிட்டால் ஜன்னல் முழுவதும் காற்றுக்கு வழியாகும். இதையெல்லாம் நாம் சிறு வயது முதல் பார்த்துக்கொண்டே இருந்தோம். பார்த்தோமேயன்றி, இப்படி ஏன் அமைத்தார்கள் என்று ஒரு நாளும் சிந்தித்ததில்லை.

சென்ற வருஷத்து மழையில் நான்கு ஜன்னல்கள் அறவே பழுதாயின. கீழ்ச்சட்டங்கள் கறுத்து, விரலால் அழுத்தினால் உதிரும் நிலைக்கு வந்துவிட்டன. ஒரு கண்டிராக்டரை அழைத்துக் காட்டினோம். அவர் கால் மணி நேரம் வீட்டைச் சுற்றி வந்து, “எல்லாம் இற்றுப்போய்விட்டது; பதினான்கையும் மாற்றிவிடுவதே லாபம்” என்றார். இருபது வருஷமாகக் கோர்ட்டில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து பிழைக்கும் நாம், அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எது இற்றது, எவ்வளவு இற்றது, எதனால் இற்றது என்று கேட்காமலே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம். முதல் நாளிலேயே நான்கு ஜன்னல்கள் பெயர்க்கப்பட்டு, பழைய மரக்கடைக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றுக்குக் கிடைத்த தொகை, புதிய ஜன்னல் ஒன்றின் கண்ணாடிக்குக்கூடக் காணாது.

புதிய ஜன்னல்கள் பளபளவென்று இருந்தன, சத்தமின்றி நகர்ந்தன. நமக்கு மிகவும் திருப்தி. மூன்றாம் நாள் நமது தாயார், தமது கட்டிலில் படுத்தபடியே, “ஏனப்பா, இந்த ஜன்னலில் எப்போதும் பாதிதானே திறக்கிறது? மற்றப் பாதிக்கும் சேர்த்தா பணம் கொடுத்தாய்?” என்று கேட்டார். பதில் சொல்ல நமக்கு வாய் எழவில்லை. இரண்டு கண்ணாடிகள் ஒன்றின் பின் ஒன்று நகரும் ஜன்னலில், எப்படித் தள்ளினாலும் ஒரு பாதி மூடியே இருக்கும். வாசலிலிருந்து முற்றம் வரை காற்று ஓடுவதை நம்பிக் கட்டிய வீட்டில், அக்காற்றின் வழியைப் பாதியாகக் குறைக்க நாம் பணம் கொடுத்திருந்தோம்.

மறுநாள் காலையில் மரக்கடைக்கு ஓடினோம். நான்கில் மூன்று ஏற்கெனவே பிரிக்கப்பட்டு, மேஜைக்கும் ஊஞ்சல் பலகைக்கும் அறுக்கப்பட்டுவிட்டன. ஒன்று மட்டும் முழுதாக ஒரு மூலையில் கிடந்தது. விற்ற விலையைப்போல் மூன்று மடங்கு கொடுத்து அதை மீட்டுக்கொண்டு வந்தோம். கண்டிராக்டருக்கு ஒப்பந்தப்படி உரிய நஷ்டத்தைக் கொடுத்து அனுப்பினோம். மீதி வீட்டில் இருந்த ஜன்னல்கள் பத்து, மீட்டதோடு பதினொன்று. இவற்றைத் திருத்துவது எப்படி என்பது அடுத்த கேள்வி.

ஆங்கிலம் படித்தவர்களின் வழக்கப்படி நாம் முதலில் புத்தகத்தைத் தேடினோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தேசியப் பூங்காக்கள் இலாகா, பழைய மர ஜன்னல்களைத் திருத்தும் முறையைப்பற்றி 1981-ஆம் ஆண்டில் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டது. அது சர்க்கார் வெளியீடு என்று சொல்ல முடியாத அளவுக்குத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. திருத்த வேலைகளை அது மூன்று தரமாகப் பிரிக்கிறது: வழக்கமான பராமரிப்பு, தளர்ந்த மரத்தை உறுதிப்படுத்துதல், கெட்ட பாகத்தை நீக்கி வேறு துண்டு சேர்த்தல். இதைப் படித்து முடித்ததும், நமக்குத் தொழிலே தெரிந்துவிட்டதாக எண்ணி, உளியும் உப்புத்தாளும் வாங்கி வந்தோம். ஆனால் அந்நாட்டுப் பழைய ஜன்னல்கள் பெரும்பாலும் மேலும் கீழும் ஏறி இறங்குபவை. சுவருக்குள் மறைந்த கப்பியும் கயிறும் இரும்புக் குண்டும் அவற்றைத் தாங்குகின்றன. நமது ஜன்னல்களோ கீலில் தொங்குபவை. கீலில் தொங்கும் கதவின் நோய் வேறு. நமது முதல் வாரத்து முயற்சியில் ஒரு நல்ல சட்டம் பிளந்ததுதான் மிச்சம்.

பிறகுதான், எழுபது வயதைக் கடந்த ஓர் ஆசாரியாரை, பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் அழைத்து வந்தார். அவர் தேர் வேலையிலும் வீட்டு வேலையிலும் தேர்ந்தவர். கண் சற்று மங்கல். கையில் ஒரு குத்தூசியும் சிறு கொட்டாப்புளியும் மாத்திரம் கொண்டு வந்தார். மீட்டு வந்த ஜன்னலைத் திண்ணையில் படுக்க வைத்து, ஒவ்வொரு சட்டத்தையும் தட்டிக் காதால் கேட்டார். சந்தேகமான இடங்களில் ஊசியால் குத்தினார். ஊசி இறங்கிய இடங்களில் சுண்ணாம்புக்கட்டியால் கோடிட்டார். முடிவில் பார்த்தால், நான்கு கதவுகளிலும் நிலையிலுமாகக் கெட்டுப்போன மரம் மொத்தத்தில் ஒரு முழக்கட்டைக்கு மேல் இல்லை. “மீதியெல்லாம் வைரம் பாய்ந்த கட்டை, ஐயா. இன்னும் நூறு வருஷம் கேளுங்கள், தரும்” என்றார். முழுவதும் இற்றுப்போயிற்று என்று நாம் தீர்ப்பளித்து நாடு கடத்திய ஜன்னல் இது.

அவரிடம் நாம் கற்றுக்கொண்டவற்றுள் முதன்மையானது, பழைய தச்சர்கள் ஜன்னலை எப்படி அமைத்தார்கள் என்பது. நெட்டுச் சட்டத்தில் துளையும் குறுக்குச் சட்டத்தில் நாக்குமாகச் செதுக்கிப் பொருத்தி, குறுக்கே ஒரு மர முளையை அடித்து இறுக்கியிருக்கிறார்கள். ஆணியும் பசையும் இல்லை. முளையைப் பின்புறமிருந்து தட்டினால் சட்டம் தனித்தனியே கழன்று வந்துவிடும். கெட்டதை மாற்றி, மறுபடியும் கோத்துவிடலாம். நடுவில் உள்ள பலகையோ சட்டத்தின் காடிக்குள் சும்மா நிற்கிறது, எங்கும் ஒட்டவில்லை. மழைக் காலத்தில் பலகை ஈரம் குடித்து அகலும். சித்திரையில் உலர்ந்து சுருங்கும். அகலவும் சுருங்கவும் அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். நாம் பொங்கலுக்குப் பொங்கல் வர்ணத்தின்மேல் வர்ணமாகப் பூசிப் பலகையைச் சட்டத்தோடு ஒட்ட வைத்துவிட்டோம். அசைய இடமில்லாமல் அது நடுவில் பிளந்தது. பழைய வீடுகளில் பலகைகள் வெடித்திருப்பதற்கு மரத்தின் வயதைக் காரணம் சொல்லுகிறோம். காரணம் பெரும்பாலும் நமது வர்ணவாளிதான்.

ஜன்னல் சாத்தாததற்கும் இப்படியே. மழையில் கதவு இறுகினால் உடனே இழைப்புளியைக் கொண்டு அடிப்பாகத்தைச் சீவிவிடுவது வீட்டுக்காரர்களின் முதல் வைத்தியம். ஆசாரியார் இதைக் கேட்டாலே கோபிப்பார். ஈரத்தில் பருத்த மரத்தைச் சீவினால், தை மாதத்தில் அது சுருங்கும்போது விரல் நுழையும் சந்து விழும். பிறகு அந்தச் சந்தை அடைக்க ஒரு பட்டி அடிப்பார்கள். அடுத்த மழையில் அதையும் சீவுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது மேல்கீல். திருகாணி தளர்ந்து மேல்கீல் விலகினால், கதவின் வெளி மூலை தொங்கி நிலையில் உராயும். கதவின் மேற்பக்கத்தில், கீல் ஓரத்துச் சந்து அகன்றிருந்தால் நோய் இதுவே. திருகாணியைக் கழற்றி, பழைய துளையில் மூங்கில் சிம்புகளைப் பசையோடு திணித்து, உலர்ந்தபின் திருகாணியை மறுபடியும் ஏற்றினால் கதவு தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. நமது வீட்டில் “இற்றுப்போன” ஐந்து ஜன்னல்களுக்கு இந்த ஒரே சிகிச்சை போதுமாயிருந்தது. ஒவ்வொன்றுக்கும் செலவு அரை நாள் வேலை.

உண்மையாகவே கெட்ட பாகத்துக்கு வருவோம். சட்டம் எப்போதும் அடியில்தான் கெடுகிறது. மரத்தின் நுனிவெட்டு, தண்ணீரைத் திரிபோல உறிஞ்சும். கீழ்ச்சட்டத்தின் மேல் வழிந்து தேங்கும் மழைநீர் அங்கே நுழைந்துவிடும். கெட்டதை முழுவதும் அறுத்து நீக்கி, ஊசி இறங்காத உறுதியான கட்டை வரும் வரை போக வேண்டும். இதில் தயவு தாட்சணியம் கூடாது. சிறிது விட்டாலும் மறுபடியும் பரவும். பிறகு சேர்க்கும் துண்டை நேராக வெட்டி முட்டவிடாமல், சட்டத்தின் கனத்தைப்போல் நான்கு மடங்கு நீளத்துக்குச் சாய்வாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒட்ட வேண்டும். சாய்வு வெளிப்பக்கம் தாழ்ந்திருந்தால் மழைநீர் உள்ளே நிற்காது. சேர்க்கும் துண்டின் ரேகையும் பழைய சட்டத்தின் ரேகையும் ஒரே திசையில் ஓட வேண்டும். இல்லையேல் இரண்டும் இரண்டு விதமாகப் பருத்து இளைத்து ஒட்டு விட்டுவிடும். தேக்கில் இயற்கையான எண்ணெய் உண்டாகையால், ஒட்டுவதற்குச் சற்று முன் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைப்பது நல்லது. அக்காலத்தில் வஜ்ஜிரப் பசை காய்ச்சினார்கள். அது ஈரத்துக்கு இளகும். இன்று கிடைக்கும், தண்ணீருக்கு அசையாத இரு கலவைப் பசையை ஆசாரியார் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டார். பழையது என்பதற்காக எதையும் கட்டிக்கொண்டு அழுபவர் அல்லர் அவர்.

முதல் ஒட்டுக்கு நாம் எடுத்துக்கொண்ட காலம் இரண்டு நாள். சாய்வு வெட்டு நான்கு முறை கோணியது. நான்கு முறையும் அவர் ஒன்றும் சொல்லாமல் துண்டை ஒருபுறம் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். கோர்ட்டில் நீதிபதிகளிடம் பட்ட அவமானத்தைவிட அந்த மௌனம் நமக்குப் பாரமாயிருந்தது. ஐந்தாவது வெட்டு ஒருவாறு படிந்தது. அதை வெயிலில் தூக்கிப் பிடித்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, “இருக்கட்டும்” என்றார்.

ஒரு விஷயத்தில் நாம் செய்த தவறு சிரிக்கத் தக்கதன்று. இதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். ஆசாரியார் வருமுன், முதல் வாரத்தில், பழைய வர்ணத்தை உலர்ந்தபடியே உப்புத்தாளால் தேய்த்து உதிர்த்தோம். திண்ணை முழுவதும் தூசி. நமது எட்டு வயதுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய எண்ணெய் வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பது சாதாரணம் என்பதும், அத்தூசி உள்ளே போனால் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும் என்பதும் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் வீட்டு வர்ணங்களில் ஈயத்தை 1978-லேயே தடுத்தார்கள். நம் நாட்டில் இதற்கான விதிகள் 2016-ல் இயற்றப்பட்டு, 2017 நவம்பர் முதல் அமலுக்கு வந்தன. பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கலாகாது என்பது விதி. ஆனால் சட்டம் புதிய வர்ணத்தைத் தயாரிப்பவரையும் விற்பவரையும் கட்டுப்படுத்துமேயன்றி, முப்பது நாற்பது வருஷங்களுக்கு முன்பே நமது ஜன்னலில் ஏறிவிட்ட வர்ணத்தை ஒன்றும் செய்யாது. ஒரு வக்கீலுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு உடனே இரத்தப் பரிசோதனை செய்வித்தோம். அபாயம் இல்லை என்று அறியும் வரை நாம் பட்ட வேதனையை எழுதத் தேவையில்லை.

பழைய வர்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு, தட்டை உளியால் சுரண்ட வேண்டும். கீழே விரித்த தாளோடு சுரண்டலைச் சுருட்டி எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். நெருப்புச் சுவாலையைக் காட்டி வர்ணத்தைக் கொப்புளிக்கச் செய்வது அதைவிட ஆபத்து. ஈயம் ஆவியாகி மூச்சில் ஏறும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்தப் பக்கமே வரலாகாது. வேலை செய்பவர் நல்ல முகக்கவசம் அணிந்து, சாப்பிடுமுன் கைகால் கழுவி, வேலைத் துணியைத் தனியே துவைக்க வேண்டும். இன்னோர் அபாயமும் உண்டு. சுத்தம் செய்த மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவது சிறந்தது. ஆனால் அந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்துப் போட்டால், அது உலரும்போது தானே சூடேறித் தீப்பற்றிக்கொள்ளக் கூடும். துணியைத் தனித்தனியே விரித்து உலர்த்த வேண்டும். அல்லது தண்ணீரில் அமிழ்த்திவிட வேண்டும்.

கண்ணாடி பதிக்க மக்கு வேண்டுமானால் கடைக்கு ஓட வேண்டியதில்லை. சீமைச் சுண்ணாம்புப் பொடியை ஆளிவிதை எண்ணெய் விட்டுச் சப்பாத்தி மாவுபோல் பிசைந்துகொள்ளலாம். மேலே வர்ணம் பூசுமுன் அது தோல் கட்டும் வரை பொறுத்திருப்பதே கஷ்டம். ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். கம்பிகளின் அடியையும் மறக்கக் கூடாது. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். நிலைக்குள் புதைந்த கம்பியின் கால் துருவேறிப் பருத்து, அந்த அழுத்தத்திலேயே மரம் விரிந்து பிளந்துவிடுகிறது. துருவைச் சுரண்டிச் செங்காவி வர்ணம் பூசிய பிறகே மரத்தின் பிளவை அடைக்க வேண்டும்.

இந்த மரத்தைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1885-ஆம் ஆண்டில், பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி வெட்டியெடுத்த தேக்கு மரங்களுக்குக் கணக்கைக் குறைத்துக் காட்டித் தீர்வையை ஏய்த்தது என்று மாண்டலேயில் இருந்த மந்திரி சபை தீர்ப்பளித்து, சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அந்த வழக்கையே சாக்காகக் கொண்டு ஆங்கிலேயர் அதே வருஷம் நவம்பரில் படையெடுத்தார்கள். மாதம் முடியுமுன் மாண்டலே விழுந்தது. தீபோ மன்னர் ரத்னகிரியில் சிறையிருந்து 1916-ல் அங்கேயே இறந்தார். அபராதத்தின்மேல் இப்படிப்பட்ட அப்பீல் செய்த கட்சிக்காரர் சட்டச் சரித்திரத்தில் அபூர்வம். ஒரு ராஜ்யம் அழிந்த பிறகு தாராளமாக வந்த அந்தத் தேக்கைத்தான் தஞ்சையிலும் செட்டிநாட்டிலும் நமது முன்னோர் வாங்கி வீடு கட்டினார்கள். காட்டில் மெதுவாக வளர்ந்து வைரமேறிய மரம் அது. இன்று தோட்டங்களில் வளர்த்து இளமையிலேயே வெட்டும் தேக்கில் வெளிறுதான் மிகுதி. கறையானுக்கும் ஈரத்துக்கும் அது அவ்வளவு தாங்காது. பர்மா சர்க்காரும் 2014 ஏப்ரல் முதல் முழு மரங்களை ஏற்றுமதி செய்வதைத் தடுத்துவிட்டார்கள். ஆகவே நாம் எடைக்குப் போட்ட ஜன்னலைப்போல் இன்னொன்று செய்ய, பணமிருந்தும் மரம் கிடைப்பது அரிது.

புதிய ஜன்னல்களை நாம் ஒரேயடியாகக் கண்டிக்கவில்லை. மட்டமான மரத்தைப் போட்டு அவசரமாகக் கட்டிய வீடுகளில் அலுமினியம் வைப்பது நியாயமே. பெருஞ்சாலையை ஒட்டிய வீட்டில் இரைச்சலையும் புழுதியையும் இறுக அடைக்கும் கண்ணாடி அவசியமாகலாம். கொசு ஒரு பெரிய ஆட்சேபம். பழைய ஜன்னலுக்கு உட்புறம் கழற்றி மாட்டும் வலைச்சட்டம் ஒன்று செய்து அதைச் சமாளித்தோம். ஆனால் புதிய ஜன்னலின் உருளை தேய்ந்தாலோ பூட்டு உடைந்தாலோ, அதே மாதிரி உறுப்பு கிடைத்தால்தான் பிழைக்கும். செய்த கம்பெனி மாதிரியை மாற்றிவிட்டால் முழு ஜன்னலையும் மாற்ற வேண்டியதுதான். நமது வீட்டு அலுமினிய ஜன்னல் ஒன்றில் உருளை இப்போதே தேயத் தொடங்கிவிட்டது.

இவ்வளவுக்கும் மூலம் கையில் வித்தை உள்ள ஆள். கற்றுக்கொள்ள ஆசையுள்ள இரண்டு இளைஞரையாவது தம்மோடு சேர்க்க வேண்டும் என்பது ஆசாரியார் நமக்கு விதித்த நிபந்தனை. சம்மதித்து, நாட்கூலி பேசி இருவரை அமர்த்தினோம். ஆறு வாரத்தில் ஒருவன், ஒட்டுப்பலகை அலமாரி செய்யும் வேலைக்குப் போய்விட்டான். அங்கே கூலி அதிகம். வருஷம் முழுவதும் வேலை உண்டு. அவனைக் குறை சொல்வதற்கில்லை. பழைய ஜன்னலைத் திருத்தத் தெரிந்தவனுக்கு இந்த மாதம் ஒரு வீடு, அடுத்த வேலை என்றைக்கோ என்ற நிலை இருக்கும் வரையில், எந்தத் தகப்பன் தன் மகனை இத்தொழிலில் விடுவான்? ஆசாரியாரின் சொந்தப் பிள்ளைகளே இதில் இல்லை. கைத்தொழில் அழிகிறதே என்று மேடையில் கண்ணீர் விடுபவர்கள் பலர். அவர்களில் எத்தனை பேர் தமது வீட்டுக் கதவுக்கு ஒரு தச்சரை அழைத்திருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே நாம் ஒரு காரியம் செய்தோம். நமது தெருவில் பழைய வீட்டுக்காரர் ஒன்பது பேரைக் கூட்டி, எல்லோருடைய ஜன்னல்களையும் ஆசாரியாரைக் கொண்டு பார்வையிடச் செய்து, எது இப்போது, எது அடுத்த வருஷம் என்று வரிசைப்படுத்தினோம். மாதந்தோறும் ஒவ்வொருவரும் ஒரு தொகை ஒதுக்குவது என்று ஏற்பாடு. இரண்டு பேருக்கு இரண்டு வருஷத்துக்கு இடைவிடாத வேலை இதனால் உண்டாகிறது. போன இளைஞனுக்குப் பதில் இன்னொருவன் வந்திருக்கிறான். இதைப் பிற தெருக்களும் செய்யலாம். புதுச்சேரியில் வைசியாள் வீதியில் ஒரு வீதியையே சேர்த்துப் புதுப்பித்தார்கள். ஐக்கிய நாடுகள் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனம் 2008-ல் அதற்குப் பரிசளித்தது. சர்க்காரும் தன் பங்கைச் செய்ய வேண்டும். பழைய கச்சேரிகளிலும் தாலுகா ஆபீசுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் உள்ள தேக்கு ஜன்னல்களைக் கழிக்குமுன், அதைத் திருத்த முடியுமா என்று ஒரு தச்சர் பார்த்து எழுதித் தர வேண்டும் என்று ஒரே ஓர் உத்தரவு போட்டால் போதும். மராமத்து இலாகாவுக்கு இதனால் ஒரு காகிதம் அதிகமாகுமேயன்றி நஷ்டம் ஒன்றுமில்லை.

நமது வீட்டில் இதுவரை ஆறு ஜன்னல்கள் முடிந்திருக்கின்றன. மீட்டு வந்ததை, அலுமினியத்தைக் கழற்றிவிட்டுத் தாயாரின் அறையில் பொருத்தியாயிற்று. கீழ்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தெருவில் போகும் கீரைக்காரியிடம் அவர் பேரம் பேசுகிறார். மற்ற மூன்று இடங்களில் அலுமினியமே இருக்கிறது; அறுபட்ட மரத்துக்கு மாற்று இல்லை. ஆசாரியாருக்கு இந்த மாதம் கண்ணில் புரை எடுக்கிறார்கள். மழையில் மரத்தைத் தொடக் கூடாது, தை பிறந்ததும் ஏழாவதைப் பிரிக்கலாம் என்று சொல்லி, தமது கொட்டாப்புளியை நமது திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.